நெற்றிக்கல் போன பூதம்

சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் வேலப்பனைத் தெரியாதவன் இரும்பே தெரியாதவன் என்றால் கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பத்து டன் தகடுகளைக் கிரேனில் தூக்கிவந்து, கீழே போட்டிருக்கும் மரக்கட்டைகளின் மேல் சத்தமே இல்லாமல் உட்காரவைப்பான். பக்கத்து யார்டு முதலாளிகள்கூட டீ கிளாஸும் கையுமாக நின்று அதை வேடிக்கை பார்த்ததுண்டு. பத்தொன்பது வயதில் கம்பிவடத்துக்குக் கிரீஸ் பூச வந்தவன், ஆறே வருடத்தில் கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டான். இப்போது நாற்பத்து நாலு. முப்பதடி உயரத்தில் அவன் ராஜா. இறங்கிவிட்டால் சர்க்கரை வியாதியோடு பஸ்ஸுக்கு நிற்கும் திருவொற்றியூர்க்காரன் ஒருத்தன். அது அவனுக்கும் தெரியும். அதனால்தான் மதியச் சாப்பாட்டைக்கூடக் கயிறு கட்டி மேலே இழுத்துக்கொள்வான்.

அந்த ராஜாவுக்கு வலது கண் போய் ஒரு வருடம் ஆகிறது.

சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. காசிமேட்டில் மீன் விற்கும் மனைவி கெங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. டம்ளருக்கு வெளியே அவன் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்து, "இன்னாய்யா, கை நடுங்குதா?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். "தூக்கக் கலக்கம்" என்று சமாளித்துவிட்டான். வருடா வருடம் யார்டில் கண் பரிசோதனை உண்டு. அதே அறை, அதே ஆணி, அதே எழுத்துப் பலகை. பள்ளிக்கூடத்தில் ஒரு திருக்குறளையும் மனப்பாடம் செய்யாதவன், அந்தப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் மனப்பாடம் செய்தான். வலது கண்ணுக்கும் முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்தானது.

ஒற்றைக் கண்ணுக்கு எல்லாம் தெரியும், ஆனால் எது எவ்வளவு தூரம் என்று பிடிபடாது. மேலிருந்து பார்த்தால் தகடு தரைக்கு ஓரடி மேலே இருப்பதும் ஓராள் மேலே இருப்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். வெயிலில் தகட்டின் நிழல் தரையில் விழும். தகடு இறங்க இறங்க நிழல் அதனிடம் நெருங்கி வரும். இரண்டும் தொட்டால் தரை வந்துவிட்டது என்று அர்த்தம். சென்னையில் வெயிலுக்கா பஞ்சம்? ஒரு வருடம் ஓட்டினான்.

போன புதன்கிழமை மேகம் மூடியிருந்தது. கீழே நின்று கைகாட்டும் சுஃபியான், குறுக்கே வந்த லாரிக்காரனைத் திட்டுவதற்காகத் திரும்பினான். கைகாட்டுவதற்குக் காத்திருப்பது வேலப்பனுக்கு என்றைக்கும் வழக்கமில்லை. இறக்கினான். அங்கே தகட்டுக்கு அடியில் கட்டை வைக்கும் பாரி குனிந்து ஒரு கட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். கையை உருவிக்கொண்டான், கையுறை மட்டும் தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஐந்து விரலும் பிழைத்தது அவன் பொண்டாட்டி மகிமா செய்த புண்ணியம்.

"பிரேக் புடிக்கல" என்றான் வேலப்பன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மெக்கானிக் ரவிக்குமார் எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினார். அந்த மனிதர் நாள் முழுக்க நன்றாக இருந்த பிரேக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்ததை வேலப்பன் மேலேயிருந்து பார்த்தான். அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலப்பன், பாரி, சுஃபியான் மூன்று பேரும் தண்டையார்பேட்டையில் சுஃபியான் வீட்டு மாடி அறையில் கூடுவார்கள். அங்கே ஓர் ஆட்டம் நடக்கும். பேப்பர், பென்சில், இருபது முகம் உள்ள பகடை, இவ்வளவுதான் சாமான். கதை சொல்லி, அதில் வரும் பூதங்களை ஆட்டிவைப்பவன் சுஃபியான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று சொல்லிப் பகடை போட வேண்டும். பாரி திருடன், வேலப்பன் வாள்வீரன். கேட்பவர்களுக்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. வாரம் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஒரு நாள் பூதத்தோடு மல்லுக்கட்டினால் நமக்கென்ன?

அன்றைக்கு ஒரு குகைப் பூதம். பாறைகளைத் தூக்கிப் போட்டு ஆளை நசுக்கும். அதற்குப் பார்வை நெற்றியில் கட்டிய கல்லில் இருக்கிறது. பாரி உயிரைப் பணயம் வைத்து அந்தக் கல்லைத் திருடிவிட்டான்.

"கல்லு பூட்ச்சு. இனிமே பூதத்துக்குக் கண்ணு தெரியாது. போட்ற பாறைல பாதி தப்பும்" என்றான் சுஃபியான்.

"அது எப்டி தப்பும்?" என்றான் வேலப்பன்.

பாரி சிரித்துவிட்டான். "ண்ணா, நீ எந்தப் பக்கம்? அது நம்மள கொல்ல வர்ற பூதம்ண்ணா."

"இர்றா. பூதம்னா பொறப்புலயே பூதம். கல்லக் கட்னாதான் பூதம்னா அப்பறம் இன்னாத்துக்கு அது பூதம்? இருவது வருசமா அதே குகைல கீது. எது எங்க கீதுன்னு அதுக்குத் தெரியாதா?"

"உன் வாளப் புடுங்கிட்டா நீ வெறுங்கைதானே? நம்மளுக்கு ஒரு சட்டம், பூதத்துக்கு ஒரு சட்டமாண்ணா? கல்லு போனாலும் அது அப்டியே கீதுன்னா, பாரி இன்னாத்துக்கு உசுரக் குடுத்துத் திருடணும்?" என்றான் சுஃபியான்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்டா."

"அப்ப புல்லாவது வேணும்ல?"

வேலப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. பகடையைத் தள்ளிவிட்டான். ஆட்டம் எங்கேயோ போய்விட்டது. தன்னையே யாரோ கேபினிலிருந்து இழுத்துக் கீழே போடுவதுபோல் அவனுக்குப் பதறியது.

"கல்லு இன்னாத்துக்குடா? நெழலப் பாத்தே அடிக்கும். நெழலும் சாமானும் ஒண்ணாத் தொட்டுச்சுன்னா தரை வந்துட்ச்சு. அத்த வச்சே கரெக்டா எறக்கும்!"

சுஃபியான் பென்சிலைக் கீழே வைத்தான்.

"பூதம் எங்கண்ணா சாமான் எறக்குது?" சுஃபியானின் குரல் இறங்கிவிட்டது. "புதங்கெழம வெயிலே இல்லியே."

வேலப்பன் மறைக்கவில்லை. மறைத்து மறைத்து அலுத்துப்போயிருந்தான். கண் போனதையும் பலகையை மனப்பாடம் செய்ததையும் பிரேக்கின் மேல் பழி போட்டதையும் தலைகுனிந்து சொல்லி முடித்தான். சுஃபியான் எழுந்து நின்றுவிட்டான். "தோஸ்துன்னு பாக்கறேன். இல்லாங்காட்டி வேற மாதிரி பேசிருப்பேன். அவன் கை போயிருந்தா இன்னாண்ணா பண்ணிருப்ப?"

திட்டியதை வேலப்பன் வாங்கிக்கொண்டான். அது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. ஆனால் பாரி திட்டவில்லை. திருடிய கல்லுக்குப் பதிலாக வைத்திருந்த புளியங்கொட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"வுடு சுஃபி. யார்கிட்டயும் சொல்லாத. அண்ணா வேலைக்கு நம்ம வேட்டு வெக்கக் கூடாது" என்றான். பிறகு வேலப்பனைப் பார்த்து, "மேகம் போட்டா நான் கீழருந்து கத்தறேன்ண்ணா. நீ ஓட்டு. உன்ன நம்பி நிக்கறேன்."

வேலப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். இவன் நிஜமாகவே நிற்பான். நாளைக்கும் நிற்பான், மழைக்காலத்திலும் நிற்பான். கத்த நேரம் கிடைக்காத ஒரு நாளிலும் இதே முகத்தோடு குனிந்து கட்டை வைத்துக்கொண்டிருப்பான். வேலப்பன் வெளியே மாடிக்கு வந்தான், யார்டு சூப்பர்வைசர் தேசப்பனுக்குப் போன் போட்டான். கண்ணைப் பற்றிச் சொன்னான். பிரேக்கில் கோளாறு இல்லை, ரவிக்குமார் மேல் தப்பில்லை என்றும் சொன்னான்.

தேசப்பன் கேட்டார்: "யோவ் வேலப்பா, கிரேன வுட்டா உனுக்கு வேற இன்னாய்யா தெரியும்?"

யோசித்துப் பார்த்தான். உண்மையாகவே யோசித்துப் பார்த்தான்.

"ஒண்ணுந்தெரியாது சார்" என்றான். "நாளிக்கி மேல வேற ஆள ஏத்துங்க. கீழ நிக்கறது பாரி."