நாற்பது பேருக்கு அம்மா

நான் ஓய்வுபெற்ற எட்டாவது மாதம் நாங்கள் இருவரும் கம்போடியாவுக்குப் போனோம். முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். என் வீட்டுக்காரர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், எனக்கு முந்தின வருடமே ஓய்வு பெற்றிருந்தார். சேரன்மகாதேவியில் வாய்க்காலை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகன். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்த வெளியூர்க் குருவானவர் அறிவிப்புச் செய்தார். கம்போடியாவில் ஓர் ஆற்றங்கரை ஊரில், கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு விடுதி இருக்கிறது. அங்கே தங்கி அவர்களைப் பார்த்துக்கொள்ள வயதில் மூத்த தம்பதி ஒன்று வேண்டும், இரண்டு வருட ஊழியம் என்றார். யாருக்கு மனம் இருக்கிறது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்று மதியம் வரை அவரோடு பேசாமல் இருந்தேன். சாயங்காலத்துக்குள் எனக்கும் ஆசை வந்துவிட்டது. சும்மா வீட்டில் இருந்து பழக்கமில்லாதவள் நான்.

மகனிடம் அவர்தான் கேட்டார்.

"நீ என்னலே சொல்லுத?"

"போயிட்டு வாங்கப்பா. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று சிரித்தான்.

அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான் அவன். தினமும் காலை எட்டு மணி பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குப் பயிற்சி வகுப்புக்குப் போவான். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கொஞ்ச மார்க்கில் தவறிப்போயிருந்தது. இரண்டு தெரு தள்ளி என் கொழுந்தனார் வீடு இருந்தது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சித்தி ஆக்கிக் கொடுப்பாள். அவன் சிரித்தபடி சொன்னதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

விடுதியில் நாற்பது பேர் இருந்தார்கள். பதினெட்டிலிருந்து இருபத்துநாலு வயது வரை, ஆணும் பெண்ணுமாகத் தனித்தனிக் கட்டடங்களில். அவர்கள் மொழியில் நான் கற்றுக்கொண்டது முப்பது நாற்பது வார்த்தைதான். வா, சாப்பிடு, காய்ச்சலா, தலை வலிக்கிறதா. அவர் சாயங்காலங்களில் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தார். எங்கள் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. அதனால் "அம்மா, அப்பா" என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தோம். ஒரே வாரத்தில் விடுதி முழுக்க அதுவே ஆனது. படியில் ஏறும்போது அம்மா, இறங்கும்போது அம்மா. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

ஞாயிறு மதியம் மகனோடு வீடியோவில் பேசுவோம். ஒருநாள் நாலைந்து பிள்ளைகள் என் தோளுக்குப் பின்னால் முண்டியடித்துக்கொண்டு போனைப் பார்த்து, "அம்மா! அம்மா!" என்று கத்தினார்கள். மகன் சிரித்தான்.

"உங்களுக்கு அங்கன நெறைய பிள்ளைக ஆயிட்டுல்லாம்மா."

நானும் சிரித்தேன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து நெட் சரியில்லை என்று சொல்லி அவன் வீடியோவில் வரவில்லை. குரல் மட்டும்தான். நெட் சரியில்லை போல என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த விடுதியில் ஒரு பெண் இருந்தாள். இரண்டாம் வருட மாணவி, நெல் விவசாயி வீட்டுப் பிள்ளை. திடீரென்று வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். என்ன என்று கேட்க எனக்கு மொழி கிடையாது. வார்டனாக இருந்த உள்ளூர்ப் பெண் கேட்டும் அவள் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தட்டில் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அவள் பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து உரிப்பேன். உரித்து முடிந்ததும் எழுந்து வந்துவிடுவேன். பதினோரு நாள் அப்படிப் போனது. பன்னிரண்டாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து, தட்டை அவள் பக்கம் இழுத்து, ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தாள். கொஞ்ச நாளில் வகுப்புக்கும் போகத் தொடங்கினாள். பிறகொருநாள் போனில் மொழிபெயர்த்து எனக்குக் காட்டினாள். 'நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு நன்றாக இருந்தது' என்று இருந்தது.

இதை என் வீட்டுக்காரர் சபைக்கு மாதாமாதம் எழுதும் கடிதத்தில் எழுதினார். அந்தக் கடிதத்தை ஊரில் ஆராதனையில் வாசித்தார்களாம். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள் என்று குருவானவர் செய்தி அனுப்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அங்கே போன பதினான்காவது மாதம், ஒரு காலையில் நான் சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கொழுந்தனார் மனைவி கூப்பிட்டாள்.

"அக்கா, நான் சொல்லுதத பதறாம கேளுங்க."

"சொல்லு."

"பையன் மூணு நாளா கதவத் தொறக்கல. சாப்பாட்ட வாசல்ல வச்சா அப்படியே இருக்கு. இன்னைக்குக் காலையில இவிய போயி தாழ்ப்பாள ஒடச்சிட்டாவ. உயிருக்கு ஒண்ணுமில்லக்கா. படுத்திருக்கான். கண்ணத் தொறந்துக்கிட்டே படுத்திருக்கான். கேட்டா பேச மாட்டேங்கான்."

"கிளாஸுக்குப் போகலையா?"

"அவன் கிளாஸுக்குப் போயி ஒரு வருஷம் ஆகுதாம்க்கா. இன்னைக்குத்தான் அவன் கூட்டாளிட்ட கேட்டோம். தெனமும் பஸ்ஸு ஏறிப் போவான்லா, வண்ணாரப்பேட்டையில எறங்கி ஆத்துப் படித்துறையில உக்காந்திருப்பானாம். சாயங்காலம் ஆனா பஸ்ஸு ஏறி வந்துருவானாம். எங்களுக்கு ஒண்ணுமே தெரியலக்கா."

கீரை என் மடியில் இருந்தது. ஒரு வருடம் என்றால், நாங்கள் விமானம் ஏறி இரண்டாவது மாதத்திலிருந்து. ஞாயிறு தோறும் "கிளாஸ் எப்படிப் போகுது?" என்று கேட்டிருக்கிறேன். "போகுதும்மா" என்று சொல்லியிருக்கிறான்.

டிக்கெட் கிடைக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பிள்ளைகள் சுற்றிச்சுற்றி வந்தார்கள். விடைபெறும்போது வரிசையாக நின்று அழுதார்கள். வெங்காயம் உரித்த அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது திரும்பி வருவீர்கள் என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்டாள். சீக்கிரம் என்றேன். திரும்பிப் போகவே இல்லை.

நாங்கள் வந்து இறங்கியது ஐப்பசியில். மழை பிடித்துக்கொண்டிருந்தது, வயல்களில் பிசானப் பருவ நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் போனபோது மகன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். தாடி வளர்ந்திருந்தது, கழுத்து எலும்பு தெரிந்தது. "வாங்கம்மா. வாங்கப்பா" என்றான், வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைக் கூப்பிடுவது போல. எத்தனையோ நோயாளிகளைப் பார்த்த எனக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மதியம் வெங்காயத் தட்டோடு அவன் அறையில் போய் உட்கார்ந்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நாலாம் நாள் திரும்பாமலே பேசினான்.

"எதுக்கும்மா தெனமும் இங்கன வந்து உக்காருதிய?"

"சும்மாதாம்லே."

"அந்தப் பொண்ணுக்குச் செஞ்சத எனக்கும் செய்யுதிய."

உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைத் தட்டில் போட்டேன்.

"அப்பா லெட்டர சர்ச்சுல வாசிச்சப்போ நான் பின்னால நின்னுக்கிட்டு இருந்தேம்மா" என்றான். "பன்னெண்டு நாளுல அவ எந்திச்சிட்டா. நான் எந்திக்கலன்னா என்ன செய்விய? எந்திச்சிப் போங்கம்மா."

தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாதி உரித்தும் உரிக்காமலும் இருந்ததை அப்படியே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் காரணம் இல்லாமல் போகப் பயமாக இருந்தது.

ஒருநாள் காலையில் அவனுடைய அப்பா போய் அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"ஏலே, நான் உங்கிட்ட என்னைக்காவது மார்க்கு கேட்டுருக்கேனா? வேலைக்குப் போன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கேனா?"

"இல்லப்பா."

"பின்ன எதுக்குலே இப்படி மறைச்ச?"

"நீங்க ஒண்ணுமே கேக்கலப்பா. போறதுக்கு முன்னாலயும் கேக்கல, போன பெறகும் கேக்கல. எப்படிலே இருக்கன்னு கேட்டிய, நல்லாருக்கேன்னேன். சரின்னு போன வச்சிட்டிய."

அவர் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர், தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தபடி இருந்தார்.

எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அவனைத் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதை நான் என் பீரோவில் வைத்துப் பூட்டி, தினமும் ஒன்று மட்டும் எடுத்துத் தண்ணீரோடு கொடுப்பேன். சாவி என் சேலை முந்தானையில் இருக்கும். அவன் எதையும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

"பூட்டியா வைக்கிய?" என்று ஒருநாள் கேட்டான்.

நான் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினேன்.

"பயப்படாதிய. அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் கிடையாது" என்று சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கினான். அவன் சொன்னது எனக்கு ஆறுதலா, அதைவிடப் பெரிய பயமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுகிற தாய்மாருக்கு எத்தனை ஆறுதல் சொல்லியிருப்பேன். ஒரு வார்த்தைகூட எனக்கு உதவவில்லை.

சபையில் எங்களுக்காக ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. மாலை போட்டார்கள். மகனைப் பற்றித் தெரிந்தவர்கள் தெரியாதது போல இருந்தார்கள். என் வீட்டுக்காரரைப் பேசச் சொன்னார்கள். எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். "நாற்பது பிள்ளைகளைக் கர்த்தர் எங்கள் கையில் கொடுத்தார்" என்று தொடங்கினார். அடுத்த வார்த்தை வரவில்லை. நான் முன் வரிசையில் இருந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். தாழ்மை என்று நினைத்துக்கொண்டார்கள்.

தை மாதம் ஒரு காலையில் மகன் குளித்து, தாடியை மழித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். விக்கிரமசிங்கபுரத்தில் அவன் கூட்டாளி ஒருத்தன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், மில்லுக்குப் போகிற சாலையில். அங்கே போய் இருக்கப்போவதாகச் சொன்னான். தங்குவதும் அங்கேதான்.

"இங்கனருந்தே போயிட்டு வரலாமேப்பா, பஸ்ஸு இருக்குல்லா" என்றேன்.

"இல்லம்மா. இங்கன இருந்தா, நீங்க ரெண்டு பேரும் என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கிய."

துணிமணியை ஒரு பையில் அடைத்தான். பிறகு சமையற்கட்டுக்கு வந்து கையை நீட்டினான்.

"மாத்திரையக் குடுங்கம்மா. நானே வச்சுக்கிடுதேன்."

மருத்துவருக்குப் போன் செய்தேன். "கொடுங்கம்மா, எத்தனை நாளைக்கு நீங்க காவல் இருக்க முடியும்?" என்றார். கொழுந்தனார், "மதினி, வாரத்துக்குள்ளத மட்டும் குடுங்க" என்றார். பீரோவைத் திறந்து நின்றேன். வாரத்துக்கு உரியதை மட்டும் கத்தரித்து எடுத்தேன். எடுத்துவிட்டு, அவன் அதைக் கையில் வாங்கிப் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்று நினைத்தேன். திரும்ப வைத்துவிட்டு மாதத்துக்கு உரிய அட்டைகள் எல்லாவற்றையும் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். நான் செய்தது சரியா என்று இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

"பைய, பாத்துப் போய்ட்டு வா" என்றேன்.

"சரிம்மா."

அவன் போய் ஐந்து மாதம் ஆகிறது. சில ஞாயிறு வருகிறான், சில ஞாயிறு வருவதில்லை. போன் போட்டால் எடுக்கிறான், இரண்டு நிமிடம் பேசுகிறான். இப்போது நாங்கள் நிறையக் கேள்வி கேட்கிறோம். தூங்குகிறாயா, மனசு எப்படி இருக்கிறது, என்ன நினைக்கிறாய். அவனுக்கு அது பிடிக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. "ம்" என்கிறான்.

போன வாரம் அவர் என்னிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி விக்கிரமசிங்கபுரத்துக்குப் போயிருக்கிறார். கடைக்குள் போகவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம், டீக்கடையில் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டார். சாப்பிடும்போதுதான் சொன்னார்.

"எப்படி இருந்தான்?"

"நின்னுக்கிட்டு இருந்தான். ஒரு அம்மாவுக்கு ரேஷன் கார்ட ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தான்."

"ஆளு தேறியிருக்கானா?"

"அப்படித்தான் தெரியுது. அந்தம்மா ஏதோ சொல்லிட்டுப் போனா."

"சிரிச்சானா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அந்தப் பக்கம் திரும்பி நின்னான். எனக்குத் தெரியல."