கிட்டங்கியில் வைத்த மெத்தை

அடுத்தவர் சாமானுக்குக் காவல் இருக்கிறவனுக்குக் கண்ணும் இருக்கக் கூடாது, காதும் இருக்கக் கூடாது, முக்கியமாக மூக்கு இருக்கவே கூடாது. எனக்கு மூன்றும் இருந்து தொலைத்தன. அதனால் பட்ட வெட்கக்கேட்டைத்தான் சொல்லப்போகிறேன். வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு விழிபிதுங்கியவர்கள், கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் இருந்தவர்கள், பஸ்ஸில் "இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனவரிடம் மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என் கட்சிதான். உங்களுக்குப் புரியும்.

எழுபதுகளில் கேரள எல்லையில், குமுளி பஜாரில் ஒரு பழைய ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது குடோனில், வேலை பார்த்தேன். முதலாளி கோட்டயம் பக்கத்துக்காரர். வியாபாரம் இளைத்துப்போனதும், கடைசிக் கோடியில் கொஞ்சம் இடத்தை ஏலக்காய் மூட்டைக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பலகை அடித்து அறை அறையாகத் தடுத்து மாத வாடகைக்கு விட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம். அறைப் பூட்டு அவர்களுடையது, வெளிக்கதவுச் சாவி மட்டும் என் இடுப்பில். "முத்தையா, உள்ள என்னா இருக்குன்னு நோக்கவும் வேண்டா, கேக்கவும் வேண்டா" என்று முதலாளி படித்துப் படித்துச் சொன்னார். கேட்டேனா?

முனகல்

முதலில் அறை எடுத்தவர் ஒரு லாட்ஜ் மேனேஜர். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், ஆளைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும். பெரிய பெட்டி ஒன்றைத் துணி சுற்றிக் கொண்டுவந்து வைத்தார். அதன்பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் வருவார், உள்ளே போவார், உள்பக்கம் கொக்கி போட்டுக்கொள்வார். நானும் வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். ஒரு நாள் நல்ல மழை. அந்த அறையிலிருந்து ஒரு முனகல் வந்தது. நிற்கும், மறுபடி வரும். மனுஷன் நெஞ்சு வலியில் கிடக்கிறான் என்று நினைத்துவிட்டேன். எதிர்க்கடைக்காரர், சுமை தூக்குகிறவர்கள் எல்லோரையும் கூவி அழைத்துக் கதவை நெம்பித் திறந்தோம்.

உள்ளே அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். துருத்தியில் ஓட்டை; முனகியது அதுதான். கூட்டத்தில் ஒருத்தன் சிரித்தான் பாருங்கள், எனக்கு உடம்பே கூசிப்போனது. அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "வீட்டுல வாசிச்சா பொண்டாட்டி அழுவுறா, இங்க வாசிச்சா நீங்க ஆளக் கூட்டிட்டு வர்றீங்க. நான் எங்கதான்யா போயி வாசிக்கிறது?"

காலி அறை

ஒரு இளஞ்சோடி அறை எடுத்தது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், குடித்தனம். சாமான் ஒன்றும் கிடையாது, ஒரு பாய்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து காலி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இது நம் கிட்டங்கிக்கு அடுக்குமா என்று எனக்கு உள்ளுக்குள் குமைந்தது. ஒரு நாள் தாங்கமாட்டாமல், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று கதவைத் தட்டினேன். திறந்தால், இவள் ஒரு மூலை, அவன் ஒரு மூலை. ரெண்டு பேர் முகமும் சிவந்து கிடக்கிறது. வீட்டில் மாமியார், பக்கத்தில் தட்டிச் சுவர், வாய்விட்டுச் சண்டை போட இடமில்லாமல் அறை எடுத்திருக்கிறார்கள்! நான் என்னத்தையெல்லாம் நினைத்தேன், சீ. அந்தப் பெண் மூக்கைச் சிந்திவிட்டு மரியாதையாகச் சொன்னாள்: "இன்னுங் கொஞ்சந்தாண்ணே பாக்கி இருக்கு, போட்டு முடிச்சிட்டு வந்துர்றோம்."

சுத்த சைவம்

'சுத்த சைவம்' என்று போர்டு மாட்டிய சாப்பாட்டுக் கடை அண்ணாச்சி, அரிசி மூட்டை வைக்க வேண்டும் என்று ஓர் அறை எடுத்தார். கொஞ்ச நாளில் பஜாரில் இருக்கிற பூனையெல்லாம் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து வரிசையாக உட்கார ஆரம்பித்தன. நாற்றமும் வந்தது. எலி செத்துக் கிடக்கும், அரிசி பாழாகிவிடுமே என்று எனக்குப் பதைப்பு. நேராகக் கடைக்கு ஓடினேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று, "அண்ணாச்சி, ஒங்க ரூம்ல என்னமோ செத்து நாறுது, ஓடியாங்க!" என்று கத்திவிட்டேன். பாதிப் பேர் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள்.

அண்ணாச்சி வந்து பூட்டைத் திறந்தார். அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு பொட்டலம் கருவாடு, பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு தட்டு. மனுஷன் தன் கடைச் சாம்பார் அலுத்துப்போய் இங்கே வந்து ரகசியமாகச் சுட்டுத் தின்றிருக்கிறார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் பூனைகளை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். "பூனைக்குத் தெரிஞ்சா பாதகமில்ல முத்தையா. அது பந்தியில வந்து கத்தாது."

தம்பி வீடு

இனிமேல் வருவது பேச்சியம்மா சமாசாரம். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது.

பேச்சியம்மா, வண்டிப்பெரியாறு போகிற வழியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவர். புருஷன் இல்லை. மகள் செல்விக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. சீர்ச் சாமானை ஒவ்வொன்றாக வாங்கிக் கொண்டுவந்து கிட்டங்கியில் வைத்தார். எவர்சில்வர் குடம், தூக்குவாளி, தாம்பாளம், எல்லாவற்றுக்கும் மேலே ஓர் இலவம்பஞ்சு மெத்தை. "மெத்தை இல்லாமப் போனா மாப்பிள்ளையோட அம்மா எம் பிள்ளைய வாசல்லயே நிப்பாட்டிக் கேட்டுரும்ணே" என்று மெத்தையைத் தடவித் தடவிச் சொல்வார். லயத்தில் வைக்க முடியாது. லயத்து வழக்கம் அப்படி. வரிசையில் ஒரு வீட்டில் புதுச் சாமான் இருந்தால் அது வரிசைக்கே பொது. சடங்கு, விருந்தாளி, எழவு, எதற்கும் வந்து கேட்பார்கள். கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. போன குடம் நெளிந்து வரும், போன மெத்தை கறையோடு வரும். பேச்சியம்மாவும் எல்லார் வீட்டுத் தாம்பாளத்தையும் வாங்கிப் புழங்கியவர்தான். அதனால் யாராவது கேட்டால், "அதெல்லாம் கம்பத்துல எந் தம்பி வீட்டுல கெடக்கு" என்று சொல்லிவிடுவார். அடுத்த வீட்டு ராசாத்தியிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் பேச்சியம்மா உள்ளே குடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது, எதிர் அறையைப் புதிதாக எடுத்திருந்த ஓர் அம்மாள் வந்தார். என் வேலை கதவு திறப்பது, திறந்தேன். அவர் பூட்டை நீக்கவும் பேச்சியம்மா தலையை வெளியே நீட்டவும் சரியாக இருந்தது. வந்தவர் ராசாத்தி! அந்த அறையிலும் மகளுக்குச் சேர்த்த எவர்சில்வர் குடம், அந்த அறையிலும் மெத்தை. நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன். "ஏன் மதினி, ஒங்க தம்பி வீடு கம்பத்துல இல்ல இருக்குன்னீங்க?" என்று ராசாத்திதான் முதலில் ஆரம்பித்தார். பேச்சியம்மா விடுகிற ஆளா? "ஒம் மெத்தயக் கரையான் அரிச்சிருச்சுன்ன. இம்புட்டுப் புதுசாவா அரிச்சிருக்கு?"

செத்த மூக்கு

ரெண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு கருவாடு சேர்த்து வைத்தது. இரண்டு அறைகளும் அண்ணாச்சியின் அறைக்குப் பக்கம். கல்யாண மெத்தையில் கருவாட்டு வாடை ஏறினால் மானம் போய்விடும் என்று ரெண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றார்கள். எனக்கும் பெரிய மனுஷத்தனம் காட்ட ஒரு சந்தர்ப்பம். கடைசிக் கோடிக்கு இரண்டு மெத்தைகளையும் நானே தூக்கிப்போய் ஏலக்காய் மூட்டைகளின்மேல் போட்டேன். மழைக்காலம் முழுக்க அங்கேதான் கிடந்தன.

குமுளியில் இருக்கிறவன் மூக்கு ஏலக்காய்க்குச் செத்துப்போன மூக்கு. கீழேயிருந்து வருகிறவன் பஸ்ஸை விட்டு இறங்கினதுமே "ஆகா!" என்பான், நமக்கு ஒரு எழவும் தெரியாது. சீர் இறங்குவதற்கு முந்தின நாள் மூன்று பேரும் மெத்தையை முன்னும் பின்னும் புரட்டி மோந்து பார்த்தோம். பேச்சியம்மாவுக்கு அப்படி ஒரு திருப்தி: "ஒரு வாசமும் இல்லண்ணே. கடையில வாங்குனது மாதிரியே இருக்கு."

செக்போஸ்ட்

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மாவும் சொந்தக்காரர்களும் பெண்ணை அழைத்துப்போக வேனில் வந்தார்கள். சாமானை ஏற்றிவிட்டு நானும் ராசாத்தியும் செக்போஸ்ட் வரை கூட நடந்தோம். எனக்கு ஒரு பெருமை, என்னவோ நானே பெண்ணைக் கொடுக்கிற மாதிரி. அந்தக் காலத்தில் அனுமதிச் சீட்டு இல்லாமல் ஏலக்காயைக் கீழே தமிழ்நாட்டுக்குக் கடத்துகிறவர்கள் தலையணை, பூசணிக்காய் என்று எதற்குள்ளும் வைப்பார்கள். அன்றைக்கு நின்ற அதிகாரி மலைக்குப் புதுசு. மூக்கு இன்னும் சாகவில்லை. வேனுக்குள் தலையை விட்டவர், "ஏலத்தோட மணம் வருதல்லோ!" என்றார். மெத்தை கீழே இறங்கியது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி ஓடி, "சார், ஏலக்காய்க் கிட்டங்கியில கெடந்த மெத்தை சார், அதான்" என்றேன். ஏலக்காய்க் கிட்டங்கி என்றதும் அவர் கத்தியை எடுத்துவிட்டார்.

நீளத்துக்குக் கிழித்தார். ஏலக்காய் ஒன்றுகூட இல்லை. மலைக்காற்றில் பஞ்சு பறந்து ரோடெல்லாம் வெள்ளையாகிவிட்டது. "கடத்தல் வீட்டுலயா பொண்ணெடுத்தோம்?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "கடத்தல் இல்லம்மா, மாச வாடகைக்கு..." என்று ஆரம்பித்தேன். "ஓகோ, மெத்தையே வாடகையா? அப்ப கொடம்?" என்றார் அவர். வேனுக்குள் செல்வி தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். பேச்சியம்மா குனிந்து ரோட்டில் பஞ்சைப் பொறுக்கினார். அந்த மலையிலிருந்து அப்படியே குதித்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

"வேனத் திருப்பு, சாமான எறக்கு" என்று அந்த அம்மாள் சொல்லவும், ராசாத்தி என்னிடம் கையை நீட்டினார். "சாவியக் குடுங்கண்ணே." கொடுத்தேன். பஜார் பக்கம் ஓடினவர், கொஞ்ச நேரத்தில் தன் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க வந்து அதிகாரி காலடியில் போட்டார். "இதுவும் மணக்கும் சார். இதையும் கிழிங்க. ஆனா எம் பிள்ளைக்கு நீங்கதான் மெத்த வாங்கித் தரணும்." அதிகாரி மோந்து பார்த்தார், ரோட்டில் பறக்கிற பஞ்சைப் பார்த்தார், கத்தியை மடக்கினார். அவரே ஒரு பக்கம் பிடித்து மெத்தையை வேனில் ஏற்றினார். மாப்பிள்ளையின் அம்மா, "இது யாரு?" என்று கேட்டார். "அடுத்த வீடு" என்றார் பேச்சியம்மா. அந்த அம்மாள் ராசாத்தியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன் பக்கத்தில் பேச்சியம்மாவுக்கு இடம் ஒதுக்கி, "ஏறுங்க, நேரமாச்சு" என்றார். வேன் நகர்ந்தபோது பேச்சியம்மாவால் ராசாத்தி முகத்தைப் பார்க்க முடியவில்லை. ராசாத்திதான் ஜன்னலோடு கூட ஓடிக்கொண்டே கத்தினார்: "கவலப்படாதீங்க மதினி! எம் மெத்த எங்கன்னு லயத்துல கேட்டா, கம்பத்துல ஒங்க தம்பி வீட்டுல கெடக்குன்னு சொல்லிக்கிறேன்!"

அந்தக் கிட்டங்கியில் பூட்டி வைத்ததெல்லாம் கடைசிவரை பத்திரமாகத்தான் இருந்தது, என் மானம் ஒன்றுதான் எப்போதும் வெளியே கிடந்தது.