லிஃப்டில் பாட்டு வைத்தவர்

கதவு திறந்ததும் அவர் உடனே உள்ளே போய்விட மாட்டார். நிலைச் சட்டத்தை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுவார், டாக்டர் முதுகில் தட்டிப் பார்க்கிற மாதிரி. தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார். பின்னால் சாமான் பைகளோடு நிற்பவர்கள் முணுமுணுத்தால், "இருங்க, அது பதில் சொல்லட்டும்" என்பார். உதடுகளுக்கு நடுவே எப்போதும் ஓரிரு ஸ்க்ரூ இருப்பதால் அந்தப் 'பதில்' கொஞ்சம் விசிலோடுதான் வெளியே வரும். லிஃப்ட் என்ன சொன்னதோ, திருப்தியானால் மட்டும் காலை எடுத்து வைப்பார்.

எங்கள் அடுக்ககத்தில் மூன்று லிஃப்டுகள். மூன்றுக்கும் உறவுமுறை வைத்திருக்கிறார். முதலாவது மாப்பிள்ளை: "எப்பக் கூப்பிட்டாலும் லேட்டாத்தான் வருவாரு. வந்தா நாமதான் ஒதுங்கி வழி விடணும்." இரண்டாவது மருமகள்: "பாவம், எல்லா வேலையும் அதுதான் பாக்குது, எல்லா ஏச்சும் அதுதான் வாங்குது." மூன்றாவது பெரியப்பா. பதினெட்டு மாடியையும் ஏறி முடிப்பதற்குள் நமக்கு ஒரு வயது கூடிவிடும். ஒவ்வொரு மாடியிலும் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் கிளம்பும். பெரியப்பாவின் கண்ணாடியை அவரே துணியால் துடைப்பார். துடைப்பது அவர் வேலை இல்லை. அதைச் சொன்னால் கோபம் வரும்.

கோபம் அவருக்குச் சுலபமாக வரும், முதலில் தொப்பியில் தெரியும். நிறுவனத்தின் நீலத் தொப்பியின் முனை பின்பக்கம் திரும்பிவிட்டால் எதிரே நிற்காமல் இருப்பது நல்லது. மேலே போகவும் கீழே போகவும் இரண்டு பொத்தானையும் அமுக்குகிறவர்கள் மேல் கோபம். மூடுகிற கதவுக்குள் குடையை நீட்டுகிறவர்கள் மேல் கோபம். ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பொத்தானை மறுபடி மறுபடி குத்திய நம் ஊர் அம்மா ஒருவரிடம், "ஒருதடவ சொன்னா அதுக்குப் புரியும்மா. அது என்ன உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டதால் பிழைத்தார்.

அவர் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. லிஃப்ட்காரர், அவ்வளவுதான். நம் மொழி பேசுகிறவர் என்று தெரிந்த அன்று நான் அண்ணே என்றேன். அவர் அதற்கு முன்பே என்னைத் தங்கச்சி ஆக்கியிருந்தார். "தங்கச்சி, இதுல என்ன எழுதியிருக்கான், பாத்துச் சொல்லுங்க" என்று கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டுவார். எல்லாம் ஒரே விஷயம்தான். ஊரில் இருக்கும் மனைவியையும் மகளையும் இங்கே அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருக்கிறார். அதற்கு அவருடைய நிறுவனம், இவர் மேல் எந்தப் புகாரும் இல்லை என்று எழுதித் தர வேண்டும். ஒரே ஒரு புகார் போதும், கதவு சாத்திக்கொள்ளும். பிற நாட்டில் பிழைக்கிற எங்களுக்கு இந்தப் பயம் சட்டையோடு சேர்த்துத் தைத்தது. கழற்றித் துவைக்க முடியாது. இரண்டு மொழி படித்தும் எனக்கே அரசாங்க உறை வந்தால் உடனே பிரிக்க மனம் வராது. அவர் நிலைமை சொல்ல வேண்டியதில்லை.

இத்தனை பயம் உள்ள மனிதர், முன்பின் பார்க்காத ஒரு பாடகிக்காக வரிந்து கட்டிக்கொண்டு நின்றார் என்பதுதான் விஷயம்.

அவள் ஒரு ப்ளூஸ் பாடகி. லிஃப்ட்காரர் அவள் பெயரைச் சொல்ல மாட்டார், "அந்தம்மா" என்பார். நிறுவனத்தின் வேனில் போகும்போது ரேடியோவில் முதல்முறை கேட்டிருக்கிறார். பாட்டின் பாதியில் அறிவிப்பாளர் புகுந்து மெத்தை விளம்பரம் சொல்லவே, வேனை ஓரங்கட்டி நிறுத்தி, ரேடியோவை வாய்க்கு வந்தபடி திட்டினாராம். அடுத்த வாரமே முழு ஆல்பத்தையும் வாங்கிவிட்டார். மொட்டைமாடி இயந்திர அறையில், கம்பிவடங்களுக்கு எண்ணெய் போட்டபடி அதையேதான் கேட்பார்.

அதன் முதல் பாட்டை நானும் கேட்டிருக்கிறேன். கரகரத்த குரலும் ஒரே ஒரு கிதாருமாகத் தொடங்கும். பிழியப் பிழியத் துக்கம். கொஞ்சம் போனதும் பின்னாலிருந்து ஆர்கனும் கூட்டுக்குரல்களும் எழும்பும், பிரார்த்தனைக் கூடத்துக்குள் நுழைந்துவிட்ட மாதிரி. அது உச்சிக்குப் போய் அறுகிற இடத்தில் டிரம்ஸ் வந்து குதிக்கும். அதுவரை அழுதவள் ஆடுவாள். ஆட்டத்தின் நடுவே பாடுவதை விட்டுவிட்டு, வாடகை கேட்டு வந்தவனோடு வாசலில் நின்று மல்லுக்கட்டுகிற வேகத்தில் பேசுவாள். கடைசியில் மறுபடி கிதார் மட்டும் மிஞ்சும்.

ஒரு பத்திரிகை விமர்சனத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். எந்த இசை வகையிலும் நிலைத்து நிற்காத ஆல்பம் என்று எழுதியிருந்தார்கள். தொப்பி திரும்பியது. "லிஃப்டும்தான் எந்த மாடியிலயும் நிலைச்சு நிக்காது. அதுக்காக அதைக் குறை சொல்லுவாங்களா? நிலைச்சு நின்னா என்னைக் கூப்பிடுவாங்க, ரிப்பேர் பண்ணச் சொல்லி!"

ஊரில் இருக்கும் மனைவிக்கும் போனிலேயே போட்டுக் காட்டியிருக்கிறார். அண்ணிக்கு அந்தப் பாட்டின் மொழியில் ஒரு சொல் தெரியாது. முடிந்ததும், "யாருங்க அந்தப் பொம்பளைக்குத் துரோகம் பண்ணது? கடைசியில நல்லாக் கேட்டுப்புட்டா" என்றாராம். இதை என்னிடம் சொன்னபோது, பெண்டாட்டி முதல் வகுப்பில் தேறிவிட்ட பெருமை அவர் முகத்தில்.

பெரியப்பாவுக்குள் முன்பு ஒரு கிணுகிணு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. கரண்டியும் டம்ளரும் உரசுகிற சத்தம், முதலும் இல்லை முடிவும் இல்லை. அது ஒருநாள் கெட்டுப்போயிற்று. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஆறாம் மாடிக்காரர், அவரும் நம் மொழிக்காரர்தான். ஆனால் ஆள் நடமாட்டம் இருந்தால் தமிழ் பேச மாட்டார், லிஃப்டின் கதவு மூடிய பிறகுதான் பேசுவார். லிஃப்ட்காரர் போய்க் கேட்டதற்கு, கதவு மூடிய லிஃப்டுக்குள், முகத்தைக்கூடப் பார்க்காமல், "எதையாச்சும் போட்டு விடுங்க, சும்மா தொந்தரவு பண்ணாதீங்க" என்றிருக்கிறார்.

எதையாச்சும் என்று சொல்லிவிட்டார் அல்லவா? அந்தம்மாவைப் போட்டுவிட்டார்.

அதிலும் ஒரு நேர்த்தி. தரைத்தளத்தில் கதவு மூடும்போதெல்லாம் பாட்டு முதலிலிருந்து தொடங்குகிற மாதிரி இணைப்புக் கொடுத்தார். "நடுவுல இருந்து கேக்கறது அந்தம்மாவுக்கு அவமரியாதை" என்றார். பெரியப்பாவின் வேகத்துக்கு, மேல்மாடி போய்ச் சேர்வதற்கும் பாட்டு முடிவதற்கும் ஏறக்குறைய சரியாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் முகம் தெரியாத கட்டடம் இது. பக்கத்தில் பக்கத்தில் நின்று மாடி எண் எரிவதைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள், திடீரென்று ஒருவரோடொருவர் பேசினார்கள். மாப்பிள்ளையும் மருமகளும் காலியாகத் திறந்து மூட, பெரியப்பாவின் முன்னால் வரிசை. இரண்டாம் மாடித் தம்பதி, "நல்ல சோகப் பாட்டு, பழைய ப்ளூஸ்" என்றார்கள். அவர்கள் கேட்டது அவ்வளவுதான், அதற்குள் வீடு வந்துவிடுகிறது. ஆறாம் மாடியில் அது பக்திப் பாட்டு. பத்தாம் மாடிப் பல்மருத்துவர், "என்னங்க சொல்றீங்க, அது ஆடறதுக்கான பாட்டு!" என்று சண்டைக்குப் போனார். தன் மாடிக்குப் பிறகு என்ன வருகிறது என்று பார்க்க, ஒவ்வொருவராக ஓரிரு மாடி தாண்டிப் போய்த் திரும்பத் தொடங்கினார்கள். செயலாளர் மட்டும் தாண்டியதில்லை, பதவியின் கௌரவம். ஆனால் ஆறாம் மாடியில் கதவு திறந்த பிறகும் ஒரு நொடி நிற்பார். அதை நான் பார்த்தேன்.

லிஃப்ட்காரரை எல்லோரும் தோளில் தட்டினார்கள். "பிரமாதம்! எடுத்துடாதீங்க!" என்றார்கள். பல்மருத்துவர் ஆல்பத்தையே வாங்கிவிட்டார். அந்த வாரங்களில் அவர் ஸ்க்ரூவை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பதைப் பார்த்து, எங்கே விழுங்கிவிடுவாரோ என்று பயந்தேன்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. பதினேழாம் மாடியில் ஒரு வக்கீலம்மா. கைநிறையப் பைகளோடு வந்தபோது மற்ற இரண்டும் மேலே எங்கோ இருக்க, பெரியப்பா ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலும் கீழும் உலாப் போய்க்கொண்டிருந்தார். வக்கீலம்மா சங்கத்துக்கு எழுதினார். சங்க அனுமதியின்றி லிஃப்டின் ஒலியமைப்பை மாற்றியதாக லிஃப்ட்காரரின் நிறுவனத்துக்கு ஒரு புகாரைச் செயலாளர் தட்டச்சு செய்துவிட்டார். 'எதையாச்சும் போடுங்க' என்று சொன்ன அதே செயலாளர்!

கீழ்த்தளக் கூடத்தில் கூட்டம். நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் லிஃப்ட்காரரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். மனிதரின் குடும்பம் ஒன்றுசேருமா சேராதா என்பது அந்தத் தாளில் இருக்கிறது. அதை நானே முன்வந்து சொன்னேன், அவருக்குச் சொல்லக் கூச்சம். செயலாளர், "குறித்துக்கொண்டோம்" என்றார். எதில் குறித்தாரோ.

பிறகு இவர்கள் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பாட்டு என்ன ரகம் என்று விவாதம்! பக்திப் பாட்டைப் பொது லிஃப்டில் போடலாமா என்றார் ஒருவர். பக்தி எங்கே இருக்கிறது, அது வெறும் ஆட்டம் என்றார் இன்னொருவர். ஒரு ரகமும் இல்லாததால் ஒழுங்கும் இல்லை என்றது இரண்டாம் மாடி, நேற்றுவரை சோகப் பாட்டு என்று உருகிய அதே இரண்டாம் மாடி. பல்மருத்துவர் கைப்பேசியை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள், தோளில் தட்டியவர்கள், அத்தனை பேரும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். "நாங்கள்தான் விரும்பிக் கேட்டோம், அவரை விடுங்கள்" என்று ஒரு வாய் திறந்திருந்தால் அந்தத் தாள் குப்பைக்குப் போயிருக்கும். ரசிப்பதற்கு முந்தியடித்துக்கொண்டு வந்த கூட்டம், ரசித்தேன் என்று ஒப்புக்கொள்ள ஒருவரையொருவர் பார்த்தது.

தொப்பியின் முனை பின்பக்கம் போனது.

"முழுசாக் கேட்டவங்க ஒருத்தர் கையைத் தூக்குங்க பாப்போம்" என்றார் அவர் தமிழிலேயே. "ஆளுக்கு ஒரு துண்டைப் பிய்ச்சு வச்சுக்கிட்டு, இதுதான் பாட்டு, இதுதான் பாட்டுன்னா? அந்தம்மா ஒரு வீட்டைக் கட்டி வச்சிருக்கு. நீங்க செருப்பு விடற இடத்துல நின்னுக்கிட்டு வீடு சரியில்லைங்கறீங்க!"

ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். செயலாளர் தாளை மடித்தபடி, மன்னிப்புக் கேட்கிறாரா இல்லையா என்று மட்டும் கேட்டார்.

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். "அண்ணியை நெனைச்சுக்கங்க அண்ணே" என்றேன். தொப்பியை மெல்ல முன்பக்கம் திருப்பி, இந்த நாட்டு மொழியில் தனக்குத் தெரிந்த சில சொற்களில், மன்னிப்புக்கான அந்த ஒன்றைச் சொன்னார். பழைய மெட்டையே போட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. புகார் இப்போதைக்குத் தன்னிடமே இருக்கும், இவருடைய நடத்தையைப் பார்த்து அனுப்புவதா வேண்டாமா என்று தான் முடிவு செய்வதாகச் செயலாளர் அறிவித்தார். அடுத்து கார் நிறுத்துமிடம் பற்றிய பேச்சு. அதில் எல்லோருக்கும் குரல் இருந்தது.

மறுநாள் காலை பெரியப்பாவுக்குள் கரண்டியும் டம்ளரும் உரசிக்கொண்டிருந்தன. நானும் அவரும் ஏறினோம். அவர் கையில் கருவிப் பெட்டி, மேலே இயந்திர அறைக்குப் போகிறார். கதவு மூடும் நேரத்தில் செயலாளர் உள்ளே வந்தார். மடித்த தாள் சட்டைப் பையில் எட்டிப் பார்த்தது. இரண்டாம் மாடி தாண்டியதும் செயலாளரின் தொண்டையில் ஏதோ முனகல். கிணுகிணு சத்தத்துக்கு மேலாக, தன்னை அறியாமல், அந்தம்மாவின் கிதார் வரியை முனகுகிறார்! நாலாம் மாடியில் கூட்டுக்குரல்கள் எழும்புகிற இடத்துக்கு வந்துவிட்டார். கண்கூட லேசாகச் செருகியது. குரல் உச்சிக்கு ஏறி, ஏறி, சட்டென்று நின்றது. அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

ஆறாம் மாடியில் கதவு திறந்தது. செயலாளர் வெளியே போகவில்லை. கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தாழ்ந்த குரலில், தமிழில், "ஏங்க… அதுக்கப்புறம் என்னதான் வரும்?" என்றார்.

லிஃப்ட்காரர் வாயிலிருந்த ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் துப்பினார். கதவு மூடிக்கொள்ளாமல் ஒரு விரலால் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். "உங்க மாடி வந்துடுச்சு சார்" என்று சொல்லி, மற்றக் கையை விரித்து, வெளியே வழி காட்டினார்.