அக்கா கேட்ட பப்பாளி

என் அக்காவுக்கு முதன்முதலாக மூக்கில் ரத்தம் வந்தது கிழங்குத் தோட்டத்தில். ஜப்பான்காரர்கள் வந்து இரண்டாம் வருடம் அது. லாபிஸ் பக்கத்தில் நாங்கள் இருந்த எஸ்டேட்டில் பால்வெட்டு நின்று போயிருந்தது. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு அந்த நிலத்தில் மரவள்ளி நடச் சொன்னார்கள். அக்கா குனிந்து குச்சி ஊன்றிக்கொண்டே போனாள். மண்ணில் சொட்டுச் சொட்டாக விழுந்ததை அவள் வியர்வை என்று நினைத்தாளாம்.

"சில்லுமூக்கு ஒடஞ்சிருச்சு. அண்ணாந்து நில்லு, அண்ணாந்து நில்லு" என்று பக்கத்து நிரையில் இருந்த பெண்கள் கத்தினார்கள். அவள் உச்சியில் ஓடைத் தண்ணீரை ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நின்றது. அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி குச்சி ஊன்றப் போனாள்.

அவளுக்கு அப்போது பதினேழு வயது, எனக்குப் பன்னிரண்டு. அந்த வருடத் தொடக்கத்திலேயே அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கூலிகளுக்கு மருந்து கட்ட ஆள் வேண்டும் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரெசரையும் அதே லாரியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக் கதவில் பூட்டுத் தொங்கியது. காய்ச்சல் வந்தாலும் ரத்தம் வந்தாலும் அம்மாவை விட்டால் எங்களுக்கு வேறு வைத்தியர் இல்லை.

முதலில் வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. அப்புறம் இரண்டு நாளைக்கு ஒரு தடவை. அம்மா தெரிந்ததையெல்லாம் செய்தாள். அருகம்புல்லை இடித்துச் சாறு பிழிந்து மூக்கில் விட்டாள். ஓடைக்கரைக் களிமண்ணை நெற்றியில் அப்பினாள். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கலாம் என்றால் நல்லெண்ணெய் கண்ணில் பட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. எஸ்டேட்டை ஒட்டி மலாய்க்காரர்கள் குடியிருந்த கம்பத்தில் இருந்த ஒரு அம்மா, மாக்சிக் என்று கூப்பிடுவோம், வெற்றிலையைச் சுருட்டி அக்காவின் மூக்கில் செருகிக் காட்டினார். "கெசியான்" என்று அக்காவின் கன்னத்தைத் தடவினார். அந்தப் பரிதாபச் சொல்லை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. அவர் போனதும் வெற்றிலையைப் பிடுங்கி என் மீது எறிந்தாள்.

"பாக்கும் சுண்ணாம்பும் எங்கேன்னு கேட்டியா, ஊமை?"

நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். அதனால் எனக்கு வீட்டில் அதுதான் பெயர்.

ரத்தத்தைத் துடைக்கத் துணி கிடையாது. ஆளுக்கு ஒரு மாற்றுத் துணிதான் இருந்தது, சவுக்காரமும் இல்லை. மரத்தடிகளில் மங்குகள் சும்மா கிடந்தன. பால் ஒழுகி நிறையும் பீங்கான் கிண்ணத்தைத்தான் மங்கு என்போம். அதில் இரண்டைப் பொறுக்கி வந்து அம்மா அக்கா பக்கத்தில் வைத்திருந்தாள். மூக்கு உடைந்தால் அக்கா அதைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

"எஸ்டேட்டுல எல்லா மரத்தையும் சாச்சிட்டானுங்க. என்னை மட்டும் விட்டு வச்சிட்டானுங்க" என்பாள். "ஏய் ஊமை, மங்கு நெறஞ்சிருச்சு. போய்ப் பால் ஸ்டோர்ல ஊத்திட்டு வா."

நான் சிரிப்பேன். அம்மா சிரிக்க மாட்டாள்.

உடம்புச் சூடுதான் காரணம் என்று அம்மா முடிவு செய்தாள். அவள் மட்டும் இல்லை, லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். சூடு என்று பேர் வாங்கிய எதையும் அக்கா தொடக் கூடாது என்று ஆயிற்று. கருவாடு கூடாது. அன்னாசி கூடாது. மரவள்ளிக் கொழுந்தும் சூடுதான் என்று யாரோ சொன்னதால் அந்தக் கீரையும் நின்றது. முக்கியமாகப் பப்பாளி கூடவே கூடாது. எங்கள் லயத்துக்குப் பின்னால் நான்கு பப்பாளி மரங்கள் இருந்தன. அரிசி இல்லாத அந்த நாட்களில் அவை மட்டும் எங்களை ஏமாற்றாமல் காய்த்தன.

அக்காவுக்கு அவித்த மரவள்ளியும், கிழங்கு மாவில் காய்ச்சிய கஞ்சியும்தான். அம்மாவும் நானும் பப்பாளி சாப்பிட்டோம். அக்கா பார்த்தால் ஏங்குவாள் என்று குளியலறைக்குப் பின்னால் நின்று சாப்பிட்டுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவோம். அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு மிச்சத்தை என்னிடம் தந்துவிடுவாள்.

"எங்கே ஒளிச்சு வச்சுத் திங்கிறீங்க?" என்று அக்கா ஒரு நாள் கேட்டாள். "ஒன் வாயில வாசம் அடிக்குது."

அம்மா சொன்னாள்: "ஒன் நல்லதுக்குத்தான்டி. ஒங்கப்பா வந்து கேட்டா நான் ரெண்டு புள்ளையையும் முழுசாக் காட்டணும்."

சில மாதங்களில் அக்காவால் தோட்டத்துக்குப் போக முடியவில்லை. பல் விளக்கினால் ஈறிலும் ரத்தம் வந்தது. கால்களில் அடிபடாமலே கன்றிப்போன மாதிரி நீலமாகத் திட்டுகள் வந்தன. முழங்கால் வலிக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். விட்டு விட்டுக் காய்ச்சலும் அடித்தது. ரத்தம் வரும்போதெல்லாம் அம்மா அவள் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள். வந்த ரத்தம் தொண்டைக்குள் இறங்கி, அப்புறம் கறுப்பாக வாந்தியாகும். அதைப் பார்த்து அம்மா இன்னும் பயந்து, சூடு குடலுக்கு இறங்கிவிட்டது என்று சொல்லி, கஞ்சியில் போடுகிற உப்பையும் குறைத்தாள்.

ஒரு மதியம் அம்மா தோட்டத்துக்குப் போயிருந்தாள். அக்காவைப் பார்த்துக்கொள்ள நான் இருந்தேன். அன்று அவள் கேலி எதுவும் செய்யவில்லை. என்னை ஊமை என்றும் கூப்பிடவில்லை.

"தங்கச்சி, ஒரே ஒரு துண்டு குடேன். நாக்கெல்லாம் மரவள்ளியா இருக்கு."

"அம்மா வையும்."

"அம்மாகிட்ட யாரு சொல்லப் போறா? நீயா?"

நான் பின்னால் போய்க் கழியால் தட்டி ஒரு பழத்தை விழச்செய்தேன். ஒரு கீற்றுத்தான் கொடுக்க நினைத்தேன். அவள் பாதிப் பழம் தின்றாள். மோவாயில் வழிந்ததையும் விரலால் வழித்து நக்கினாள். பிறகு படுத்துத் தூங்கினாள். அப்படி அசந்து அவள் தூங்கி நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மூக்கு உடைந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. இரண்டு மங்கும் நிறைந்தன. அம்மா தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் ஓடியவள் பப்பாளித் தோலைப் பார்த்துவிட்டாள். நான் மண்ணில் சரியாகப் புதைக்கவில்லை.

"யாரு குடுத்தா?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள்.

"நான்தான் போய்ப் பறிச்சேன்" என்றாள் அக்கா.

அவளால் எழுந்து நிற்கவே முடியாது என்பது அம்மாவுக்குத் தெரியும். என்னைப் பார்த்தாள். அடிக்கவில்லை. அக்காவின் தலையைத் தூக்கித் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் அக்கா போய்விட்டாள்.

பூசை வைக்கப் பங்குச் சாமியார் யாரும் வர முடியாத காலம். லயத்தில் இருந்த வேதக்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து செபமாலை சொல்லி அடக்கம் செய்தோம். திரும்பி வரும் வழியில் அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "அந்தப் பழம் உள்ள போகாம இருந்தா தாங்கியிருப்பா." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, யாரிடமும் சொல்வது போலவும் இல்லை. அதற்குப் பிறகு பல வருடங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

சண்டை முடிந்த பிறகு எஸ்டேட்டுக்கு முதன்முதலில் சாமியார் வந்தபோது, நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அக்காவைக் கொன்றுவிட்டேன் என்றுதான் ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, அது கொலை இல்லை, கீழ்ப்படியாமை என்றார். பரிகாரமாகச் சில செபங்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனம் லேசாகவில்லை.

சயாமிலிருந்து அப்பா வரவில்லை. டிரெசர் வந்தார். பாதி ஆளாக வந்தார். ஆஸ்பத்திரியை மறுபடி திறந்த சில மாதங்களில் எனக்கும் ஒரு தடவை மூக்கில் ரத்தம் வந்தது. நானும் போகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் அவரிடம் போனேன். பழக்கத்தில் அண்ணாந்து நின்றேன்.

"தலையைக் கீழே போடு. குனிஞ்சு ஒக்காரு. மூக்கோட மெத்துன்னு இருக்குற பக்கத்தை அழுத்திப் பிடி. விடாதே, பேசாதே" என்றார். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டம் இல்லை. பத்து நிமிடத்தில் நின்றது. விளக்கை வைத்துப் பார்த்து, உள்ளே ஒரு சிறிய நரம்பு வெடித்திருக்கிறது, காய்ந்து உரிந்தால் வரும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார்.

"நான் பப்பாளி தொடுறதே இல்லீங்களே" என்றேன்.

"பப்பாளிக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தார்.

அப்போதுதான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஈறு, காலில் நீலத் திட்டு, முழங்கால் வலி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அவ என்ன சாப்பிட்டா?"

"அவிச்ச மரவள்ளி, கஞ்சி."

"நீயும் ஒங்கம்மாவும்?"

"அதோட பப்பாளியும் கொழுந்துக் கீரையும்."

ஆளைப் பார்க்காமல் எதையும் அடித்துச் சொல்ல முடியாது, மலேரியாவாலும் ரத்தம் கெட்டிருக்கலாம் என்றார். ஆனால் பழமும் கீரையும் இல்லாமல் மாசக்கணக்கில் இருந்தால் இப்படி ஈறும் மூக்கும் வடியும், அதைச் சயாம் முகாம்களில் நிறையப் பார்த்தேன் என்றார். "ஒரு பாதிப் பழம் யாரையும் கொல்லாது, அம்மா. முன்னாடியே தினம் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லத்தான் கிளம்பினேன். நான் இல்லை அம்மா, நான் இல்லை என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். வீட்டில் அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்ததும், நான் இல்லை என்றால் பிறகு யார் என்று அவள் கேட்பாளே என்று தோன்றியது. கேட்காவிட்டாலும் கணக்குப் போட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பழமாக நினைத்துப் பார்ப்பாள். அப்பாவும் வராமல் போய்விட்ட வீட்டில் அதைத் தாங்க அவளிடம் எதுவும் இல்லை.

சொல்லவில்லை. அன்று சொல்லாததால் பிறகு எப்போதும் சொல்ல முடியவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆகித் தம்போய்க்கு வந்தபோது அம்மாவையும் கூட்டி வந்தேன். என் பிள்ளைகளுக்கு வெயில் காலத்தில் மூக்கு உடைந்தால் அம்மா அண்ணாந்து பிடிக்க ஓடி வருவாள். நான் முந்திக்கொண்டு குனிய வைப்பேன். "டாக்டர் சொல்றது இப்ப மாறிப்போச்சும்மா" என்று மட்டும் சொல்வேன். "எல்லாம் மாறிப்போச்சு" என்று அவள் ஒதுங்கிக்கொள்வாள்.

போன வருடம் அவள் படுக்கையில் விழுந்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் அவளுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று, "நீ அப்பச் சின்னப் புள்ள. ஆசைப்பட்டாளேன்னு குடுத்தே" என்றாள்.

நான் நிமிரவில்லை.

"நான்தான் மனசுல வச்சுக்கிட்டே இருந்துட்டேன். ஒம் மூஞ்சியப் பாத்தா அதுதான் ஞாபகம் வரும். அது பாவம். நான் மன்னிச்சு ரொம்ப வருசம் ஆச்சு. சொல்லத்தான் வாய் வரல. நீயும் இனிமே அதைச் சுமக்காதே, கேட்டியா?"

"சரிம்மா."

"நெசமா எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சும்மா."

அவள் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அன்று மதியம் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தாள்.