குங்குமம் வைத்த படிகள்

மார்ச் 11, செவ்வாய். கல்லூரி ஆய்வக உதவியாளரான நான் காலை ஆறு மணிக்கு ஆய்வகத்தைத் திறந்து, பேட்டரிகளைச் சார்ஜில் போட்டுப் பதிவேட்டில் எழுதினேன். எட்டரைக்கு, தண்ணீர் கேன் சுமந்து படியேற எங்கள் மாணவிகள் செய்த ரோபோவைத் திருத்தணி மலையடிவாரத்தில் இறக்கினோம். பத்து நிமிடத்தில் இருபது படி ஏறினால்தான் புராஜெக்ட் பாஸ் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

எங்களுக்கு முன்னால் மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள், ஒவ்வொரு படியையும் முந்தானையால் துடைத்து, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து ஏறிக்கொண்டிருந்தார். சிவப்பைக் கண்டால் ஆபத்து என்று ஒரு நிமிடம் நிற்க ரோபோவைப் பழக்கியிருந்தோம். அது படிக்குப் படி நின்றது.

“அம்மா, கொஞ்சம் ஓரமா வைங்களேன்,” என்று கெஞ்சினாள் ஒரு மாணவி.

“வேண்டுதலும்மா. ஓரத்துல வச்சா முருகன் ஒத்துக்குவாரா?”

எட்டாம் படியில், கூடவே ஏறிவந்த துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் அவரிடம், “படிக்குப் படி நின்னு கும்பிட்டுகினு வருது. இதுக்குப் போய் பெயில் போடுவீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு, ரோபோவின் கேமராவுக்கும் ஒரு பெரிய பொட்டு வைத்தார். பிறகு அது நகரவேயில்லை.

துறைத்தலைவர் சிரித்துவிட்டார், ஒரு வாரம் அவகாசம் கிடைத்தது. அந்த அம்மாள் மாணவிகளுக்காகப் பேசினாரா, ரோபோவுக்காகவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஆய்வகத்தில் ரோபோ ஏறிப் பழகும் சிமெண்ட் படிகளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன்.