அம்மாவின் முதுகை மிதித்தவன்

நான் கால் முன்னே வரப் பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் மூன்று தடவை மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுப்போகும் என்பது சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவின் நம்பிக்கை. ஒரகடம் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் வாசலில் ஒருத்தர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எனக்கும் அதில் பெருமைதான். தூ!

போன வருடம் அம்மா சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் வந்தாள். ஓட்டிய மகராசன் ஸ்பீட் பிரேக்கரில்கூட வேகத்தைக் குறைக்கவில்லை. தூக்கிப் போட்டதில் எழுபது வயது முதுகில் சுருக்கென்றிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் குப்புறப் படுத்துவிட்டாள்.

"பிடிச்சிக்கினு கீதுடா. மூணு மிதி மிதி, பூடும்."

மிதித்தேன். மூன்றாவது மிதியில் அவள் போட்ட அலறல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. அதன்பிறகு அவளால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. புத்திகெட்டவன், நாலு நாள் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். "எலும்பு ரஸ்க் மாதிரி ஆயிடுச்சு. ஒரு குலுக்கலே போதும், விரிசல் விடும். ஆனா இது நொறுங்கியிருக்கு. யாராவது அமுக்கினாங்களா, மிதிச்சாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இல்ல சார், பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டேன்."

நான் மரம் மாதிரி நின்றேன். அந்த மௌனத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். "இனிமே நடப்பாங்களா சார்?" என்று மட்டும் கேட்டேன்.

முதுகில் ஊசி வழியாகச் சிமெண்ட் செலுத்தி எலும்பைக் கெட்டிப்படுத்தலாம், வலி குறைந்தால் நடப்பார்கள், ஆனால் விழுந்த கூன் நிமிராது என்றார். செய்தார்கள். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் தெருவே பார்க்க வந்தது. அவர்களிடம் அம்மா சொல்கிறாள்: "எம்புள்ள மிதிச்சதுலயே பாதி வலி பூட்ச்சு. மீதிக்குத்தான் டாக்டரு சிமெண்ட் வெச்சாரு."

எனக்கு வந்ததே கோபம்! "ஏம்மா இப்படிப் புளுகுற? இத்தக் கேட்டுட்டு நாளைக்கு இன்னொருத்தரு வந்து படுப்பாங்க!" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

அவர்கள் கிளம்பும்வரை அம்மா காத்திருந்தாள். பிறகு, நிமிர முடியாத முதுகோடு, தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"பின்ன இன்னாடா சொல்றது? எம்புள்ள மிதிச்சு ஒடச்சான்னா?"