அக்கா தானே கற்ற தெலுங்கு

எங்கள் அக்கா ஜவ்வாது மலையில், பேருந்து எட்டாத ஊரில் பிறந்தார். என்னைக் கீழே விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவரைச் சாமைக் காட்டுக்கு. விடுமுறையில் நான் கொண்டுவரும் பாடப் புத்தகங்களை வைத்து அவரே தமிழ் படிக்கக் கற்றார்.

கல்வி வறுமையைப் போக்கும் என்று அரசு விழாக்களில் பேசி ஓய்வு பெற்றவன் நான். ஒரு நலத்திட்டம் எத்தனை மேசைகளைத் தாண்ட வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். அதுவரை வயிறு என்ன செய்யும் என்பதற்கு விதி ஏதும் இல்லை. அந்த இடைவெளியில்தான் மேஸ்திரிகள் மலையேறுகிறார்கள். கட்டட வேலை என்று கூட்டிப்போய் ஆந்திரக் காட்டில் செம்மரம் வெட்ட இறக்கிவிடுவார்கள்.

அப்படிப் போய்ப் பிடிபட்ட பக்கத்து வீட்டுக்காரரைச் சிறையில் பார்க்க, அவர் மனைவிக்குத் துணையாக அக்கா போனார். தெலுங்குப் பெயர்ப்பலகை படிக்கத் தெரியாமல் வேறு பேருந்தில் ஏறி, பார்வை நேரம் தவறி, பார்க்காமலே திரும்பினார்கள். அதன்பின் அக்கா வேலூரில் ஒரு தெலுங்கு அரிச்சுவடி வாங்கி, அடுப்புக் கரியால் எழுதிப் பழகினார். ஊரார் கேலி செய்தார்கள்.

ஒரு கோடையில் அக்காவின் கணவர், எங்கள் மாமாவும் மேஸ்திரியின் வேனில் ஏறிவிட்டார். கோயம்புத்தூர் போகிறோம் என்றார் மேஸ்திரி. அக்கா வேனின் பின்கண்ணாடியைப் படித்தார்.

"கோயமுத்தூர் வண்டில இன்னாத்துக்குண்ணா தெலுங்கு? இது நாங்க ஜெயிலுக்குப் போன ஊரு பேரு."

"வாடகை வண்டிம்மா. நீ இன்னா டீச்சரா?"

"எறங்கு மாமா" என்றார் அக்கா.

மாமா இறங்கினார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அவர்களில் ஒருவர் பிணமாகத் திரும்பினார்.

அந்த ஆண்டு மாமா வீட்டில் இருந்தார். பசியும் உடன் இருந்தது. பிறகு அக்கா எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறி, சத்துணவுக் கூடத்தில் வேலை பெற்றார். வறுமை வாசல்வரை விலகியது. பயம் விலகவில்லை, மகன் வளர வளர அதுவும் வளர்ந்தது. பிளஸ் டூ முடித்த அவன், செல்போனில் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் உட்கார்ந்து அரசுத் தேர்வுக்குத் தானே படிக்கிறான். அறிவிப்பு எப்போது வரும் என்று என்னைக் கேட்கிறான். நடைமுறை அத்தனையும் தெரிந்த எனக்கு அது தெரியாது.

மூச்சுத் திணறிய கடைசி நாட்களில் அக்கா கேட்டது ஒன்றுதான்: "பையன் வூட்லதான இருக்கான்?"

அவரைத் தூளி கட்டித் தார்ச்சாலைவரை சுமந்தவர்களுக்கும், காரியத்துக்கு அரிசியும் விறகும் தந்த உறவினர்களுக்கும் எங்கள் நன்றி. அன்று வேன் கொண்டுவந்த மேஸ்திரியும் வந்திருந்தார். பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டு, இப்போது என்ன வேலை பார்க்கிறாய் என்று அக்காவின் மகனிடம் அன்பாக விசாரித்தார். அவருக்கும் நன்றி. மீண்டும் வரவேண்டாம் என்று குடும்பத்தார் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்.